சோதனைப் படம்

அலமாரியில் நாற்பது பார்வைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. இரண்டு லென்ஸ், உள்ளே ஒரு பல்பு. அட்டையில் கண்ணுக்கு ஒன்றாகப் பதித்த இரட்டை ஸ்லைடைச் செருகிக் கண்ணை வைத்தால், படத்தில் இருப்பவர் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார். எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. ஓய்வுபெற்ற சர்வேயர் ஊர் ஊராகக் கடிதம் போட்டு வாங்கிச் சேர்த்தவை.

சோதனைக்கு ஒரே ஸ்லைடுதான்: மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். அவள் படமென்று மிஞ்சியதும் அது ஒன்றுதான். புதுப் பெட்டி வந்ததும் அதைச் செருகி, பல்பை எரியவிட்டு, ஒரு மணி நேரம் மூலை மூலையாகப் பார்த்து நோட்டில் எழுதுவார். எட்டு மாதக் குழந்தையிலேயே தாயை இழந்த மகளுக்கு மட்டும் காட்டவில்லை. அரைகுறையாகப் பார்க்க வேண்டாம், நல்ல பெட்டி கிடைக்கட்டும் என்பார். எனக்கு மாப்பிள்ளை தேடினப்பகூட இவ்வளவு குறை சொல்லலியே என்று அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

இப்போது சிரிப்பு இல்லை. நாளை காலை ஆஸ்பத்திரியில், கட்டி வந்த அவளுடைய இடக்கண்ணை எடுக்கிறார்கள். ஒற்றைக் கண்ணுக்கு இந்தப் பெட்டிகள் வெறும் தட்டைப் படத்தைத்தான் காட்டும்.

நல்லவேளையாக நாற்பத்தொன்றாவது அன்றே வந்து சேர்ந்தது. கூடவே வந்த மாதிரி ஸ்லைடை முதலில் செருகினார். ரோஜா, கை நீட்டிப் பறிக்கலாம் போல நின்றது. இதழில் நீர்த்துளிகூடத் தனியாக. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பெட்டி வாய்த்ததில்லை. மகளைக் கூப்பிட்டு, ஸ்லைடை மாற்றிக் கையில் கொடுத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“நாற்காலி கைக்கு எட்டுற மாதிரி இருக்குப்பா. உக்காந்திருக்கிறவங்க முகம் எங்க?”

வாங்கிப் பார்த்தார். நாற்காலியின் கறுப்புக் கால்கள் அப்படியே இருந்தன. முகம் இருந்த இடம் வெள்ளைத் தாள் போல வெறுமையாக இருந்தது. ரோஜாவைத் திரும்பச் செருகினார். துளி துளியாகத் தெரிந்தது.

நோட்டைப் புரட்டினார். முதல் பெட்டி: தோட்டின் கல் தெரிகிறது. ஒன்பது: தோடு உண்டு, கல் இல்லை, லென்ஸ் மட்டம். இருபத்தாறு: முகம் வெளுப்பு, பல்பு மட்டம். எல்லாம் அவர் கையெழுத்துதான். ஒவ்வொரு பல்பும் அந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. அவர் பெட்டியைக் குறை சொல்லி அடுத்ததை வாங்கியிருக்கிறார்.

“நான்தாம்மா...” என்றார். நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவள் பல்பை அணைத்தாள். “முதல் பக்கத்தைப் படிங்கப்பா.”

படித்தார். இடக்காதுத் தோட்டில் கல் மின்னுகிறது. புருவம் அடர்த்தி. சிரிக்கப் போகிற வாய். மேல் பல் ஒன்று லேசாகத் தெரிகிறது.

அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டாள். “அப்புறம்?”

அடுத்த பக்கத்தில் அந்தப் பல் இல்லை. அவர் தாளைத் திருப்பாமல், முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.