இரண்டங்குலக் குழாய்

அந்தத் தீவின் ஜங்லிகாட்டுப் பகுதியில் லாரிக்கு நோவு வந்தால் சிவஞானம் மிஸ்திரியிடம்தான் வருவார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் குழந்தைவேலுவின் பெயரைக் கெடுத்தார். ஆனால் அதைத் தனக்குள்கூட இவ்வளவு நேராகச் சொல்லிக்கொள்ள அவருக்கு வெகுநாள் ஆயிற்று.

அறுபத்தொன்பதாம் ஆண்டு மழை ஓய்ந்த சமயம். மரக் கான்ட்ராக்டர் பாலசுப்பிரமணியம் கல்கத்தாவில் ஏலம் எடுத்துக் கப்பலில் கொண்டுவந்த வெளிநாட்டு டீசல் லாரி பட்டறைக்கு வந்து நின்றது. கடல் காற்றில் அதன் புகைக்குழாய் அப்பளமாக உதிர்ந்துபோயிருந்தது. ஓட்டுநர் குழந்தைவேலு முப்பது வயதுக்காரன். நான்கு வருடமாகக் கான்ட்ராக்டரிடம் வேலை. பானெட்டைத் திறந்து, எஞ்சினின் விலாவில் நத்தைக்கூடு போல ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினான்.

"இதான் டர்போவாம்ணே. பொகை போற வேகத்துல உள்ள ஒரு விசிறி சுத்துமாம். அது சுத்துற சுத்துல இன்னொரு விசிறி காத்தை எஞ்சினுக்குள்ள அமுக்குமாம். கப்பல்ல வந்த இஞ்சினியர் சொன்னாரு."

"எனக்குத் தெரியாதா" என்றார் சிவஞானம். தெரியாது. அப்படி ஒன்றை அவர் அதுவரை கையால் தொட்டதில்லை.

பழைய குழாய் நான்கங்குலம். அந்த அளவில் புதுசு வேண்டுமென்றால் மெயின்லேண்டுக்கு எழுதிப்போட்டு, கப்பலுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஜெய்னுதீன் பாயின் இரும்புக் கடையில் இருந்ததோ இரண்டங்குலத் தண்ணீர்க் குழாய். இருபது வருடமாகப் பெட்ரோல் லாரிகளைப் பார்த்த அனுபவத்தில் சிவஞானத்துக்கு ஒரு முடிவு உண்டு: குழாய் பெருத்தால் இழுவை போய்விடும், கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் எஞ்சினுக்குப் பிடிமானம். பழைய லாரி ஒன்றில் பெரிய குழாய் போட்டுப் பார்த்து ஏமாந்தவர் அவர். ஆகவே இரண்டங்குலத்தையே அறுத்துப் பற்றவைத்து மாட்டிவிட்டார்.

நான்காம் நாள் லாரி திரும்பி வந்தது. பின்னாலேயே ஜீப்பில் கான்ட்ராக்டர். புரோத்ராபூர் ஏற்றத்தில் பாதி வழியில் இழுக்க மாட்டாமல் நின்று, பின்னுக்குச் சரிந்து, லோடிலிருந்த இரண்டு மரங்கள் பள்ளத்தில் உருண்டுவிட்டன. ஆளுக்கு அடியில்லை. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"குழா மாத்துனதுலேருந்து வண்டிக்கு மூச்சு முட்டுதுண்ணே" என்றான் குழந்தைவேலு. "ஏத்தத்துல கரும்பொகையா கக்குது. மிதிச்சா முக்குதே தவிர ஏற மாட்டேங்குது."

கான்ட்ராக்டர் சிவஞானத்தைப் பார்த்தார். "என்னய்யா சொல்றான் இவன்?"

அந்தக் கணத்தில் சிவஞானத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவன் சொல்வது சரியாக இருக்குமோ? அதை அமுக்குவதற்காகவே அவர் குரலை உயர்த்தினார்.

"குழாய்ல ஒரு கோளாறும் இல்ல மொதலாளி. ஊர்ல மாட்டுவண்டி ஓட்டுனவன் கையில கப்பல்ல வந்த வண்டியக் குடுத்தா இப்படித்தான். வாலை முறுக்குனா ஏறிடும்னு நெனைக்கிறான்."

டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. தமிழ் புரியாத இரண்டு பேருக்கு ஒருவன் மாட்டுவண்டிக்காரன் என்பதை இந்தியில் எடுத்துச் சொல்ல, "அரே, பைல்காடிவாலா" என்று அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். குழந்தைவேலு சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. சிவஞானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கான்ட்ராக்டர் நீட்டிய கையில் சாவியை வைத்தான்.

மறுநாளிலிருந்து அவனுக்குக் கப்பல்துறையில் மரம் சுமந்து ஏற்றுகிற வேலை. பன்னீர்செல்வம் என்கிற ஜீப் ஓட்டுநர் லாரிக்கு வந்தான். பைல்காடிவாலா என்ற பெயர் அவன் குடியிருந்த ஷாதிபூர் வரை போனது. குழந்தைவேலுவின் மனைவி பொன்னம்மாவிடம் தண்ணீர்க் குழாயடியில் யாரோ அதைச் சொல்லிக் கேலி பண்ண, அவள் பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாளாம். சிவஞானத்தின் மனைவி மரகதம் சோறு போடும்போது இதைச் சொன்னாள். அவர் குழம்பில் உப்பு இல்லை என்றார். உப்பு இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பன்னீர்செல்வம் தனியாக வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான். "மிஸ்திரி, நான் பாதி லோடுதான் ஏத்துறேன். அதுக்கே முக்குது. மொதலாளிகிட்ட சொல்லிப்புடாதீங்க. அப்புறம் நானும் மாட்டுவண்டிக்காரனாயிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை சிவஞானம் லாரியைத் தானே எடுத்துக்கொண்டு புரோத்ராபூர் சாலைக்குப் போனார். பாதி லோடு ஏற்றியபடியே நின்ற வண்டி. ஏற்றத்தின் நடுவில், குழந்தைவேலுவிடம் நின்றுபோன அதே இடத்தில், எஞ்சின் திணறியது. கண்ணாடியில் பின்னால் கரும்புகை. அவர் கியரைக் குறைத்தார், மிதித்தார், வைதுகூடப் பார்த்தார். இருபது வருட அனுபவம் அத்தனையும் காலில் இருந்தும் வண்டி நின்றது.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் படுத்தார். சூடு ஆறும்வரை காத்திருந்து, டர்போவின் வாயிலிருந்து குழாயைக் கழற்றிப் புல்லில் போட்டார். மறுபடி கிளப்பியதும் காதைப் பிளக்கிற சத்தம். ஆனால் மிதித்த மறுகணம் அந்த நத்தைக்கூட்டுக்குள் ஒரு சீட்டி எழுந்தது. இத்தனை நாளில் அவர் கேட்டிராத சீட்டி. லாரி யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல ஏறியது.

மேட்டில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எல்லாம் புரிந்துபோயிற்று. வெளியேறுகிற புகைதான் அந்த விசிறிக்கு உயிர். போகிற வழியை இறுக்கிவிட்டால் விசிறி சுழலாது. விசிறி சுழலாவிட்டால் எஞ்சினுக்குக் காற்று கிடைக்காது. பெட்ரோல் வண்டியின் பாடம் இதற்குச் செல்லாது. இதைத்தான் குழந்தைவேலு மூச்சு முட்டுகிறது என்றான். படிக்காத பையன், ஓட்டிய உடம்பால் அறிந்து சொன்னான். சத்தத்திலேயே நோவைச் சொல்பவர் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

வெயில் ஏறும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

திங்களன்று தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்து நான்கங்குலத்தில் ஒரு குழாய் செய்தார். மெயின்லேண்டும் வேண்டியிருக்கவில்லை, கப்பலும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் வேலை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாட்டிவிட்டார். அந்த வாரமே லாரி முழு லோடோடு ஏற்றத்தைத் தாண்டியது. "பாத்தியா, பன்னீரு கைக்கு வந்ததும் வண்டி எப்படிப் பறக்குது" என்றார் கான்ட்ராக்டர். சிவஞானம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பிறகு அவரை அதிகம் வாட்டியது. முன்னே செய்தது அறியாமை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

எட்டு நாள் பொறுத்தார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஷாதிபூருக்குப் போனார்.

குழந்தைவேலு வாசலில் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மரம் சுமந்த தோள் கன்றிப்போயிருந்தது. எழுந்து, "வாங்கண்ணே" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான். பொன்னம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், வெளியே வரவில்லை.

சிவஞானம் ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"தப்பு குழாய்லதான்" என்றார் சிவஞானம் கடைசியில். "சிறுசாப் போட்டுட்டேன். இப்ப மாத்திட்டேன்."

"தெரியும்ணே. வண்டி துறைக்கு வர்றப்பவே சத்தம் வேறயா இருந்துச்சே."

"அப்பவே நீ ஏன் ஒண்ணும்..."

"மொதல்லயே சொன்னனே" என்றான் அவன். கோபமாக இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஆனா இத எங்கிட்ட வந்து சொல்றீங்களே, எனக்குத்தான் தெரியுமேண்ணே. அன்னிக்கி அங்க நின்னவங்களுக்குல்ல தெரியாது."

அவரால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாள் காலை கான்ட்ராக்டரின் ஜீப் டீக்கடை முன்னால் நின்றபோது சிவஞானம் போய் எதிரே நின்றார். அன்று இருந்தவர்களில் நாலைந்து பேர் இருந்தார்கள். இரவெல்லாம் கோத்துவைத்த வார்த்தைகள் எல்லாம் போய், ஒன்றுதான் வந்தது. "மொதலாளி, அன்னிக்கி வண்டி நின்னது என்னால. நான் போட்ட குழா சிறுசு. குழந்தைவேலு மேல தப்பில்ல. எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

கிளாஸ்கள் வாய்க்குப் போகாமல் நின்றன. கான்ட்ராக்டர் ஒரு வாய் டீயை விழுங்கினார்.

"அட, அவ்வளவுதானா? நான் என்னமோன்னு நெனச்சேன். சரி, திங்கக்கெழமலேருந்து அவன லாரிக்கே வரச் சொல்லு. பன்னீர மறுபடி ஜீப்புக்குப் போட்டுக்கறேன்."

"அப்ப பைல்காடிவாலா நீங்கதானா மிஸ்திரி?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் தன்மேல் ஒட்டிக்கொண்டால் நல்லது என்று சிவஞானம் நினைத்தார். ஒட்டவில்லை. ஒரு வாரம் கழித்தும் குழந்தைவேலுவைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள், அதுவும் பிரியமாக. அவரைத் தைத்தது வேறொன்று. ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் முழுக்க அவன் மரம் சுமந்தான்.

லாரிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் குழந்தைவேலு கிரீஸ் போட வண்டியைக் கொண்டுவந்தான்.

"டீ சொல்லட்டுமா?" என்றார் சிவஞானம்.

"வீட்லயே குடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தான்.

அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அவனுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையாமல் இருந்தன. கிரீஸ் போடுகிற வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அவர் துணியால் கையைத் துடைத்தார். பிறகு ஏற்கெனவே துடைத்திருந்த இரும்பைத் துடைத்தார்.

"முடிஞ்சுதாண்ணே?"

"இல்ல. ஒரு நட்டு லூசா இருக்கு."

எந்த நட்டும் லூசாக இல்லை. அவர் ஸ்பானரை எடுத்து ஒன்றில் வைத்து, திருப்பாமல், அப்படியே பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.