வேலைக்கு மட்டும் வாங்கிய வீடு

வரி அதிகாரி வருவதற்குச் சற்று முன்புதான் நானும் என் வீட்டுக்காரரும் அந்த அடுக்குமாடி வீட்டு வாசலில் நின்றோம். வாங்கி இரண்டு வருடம் ஆகியும் நான் அதற்குள் கால் வைத்தது அன்றுதான். ஆடிட்டர் அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தார். "தொழில் பயணத்துக்குத் தங்கற இடம்னு காட்டினாத்தான் கடன் வட்டி, பராமரிப்பு எல்லாம் செலவுக் கணக்குல வரும். குடும்பம் ஒரு ராத்திரி படுத்தாலும் வம்புதான்." அதனால் மகளின் கண் பரிசோதனைக்கு இந்த ஊருக்கு வந்தபோது, சொந்த வீடு இருக்க, லாட்ஜில் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

என் வீட்டுக்காரர் சொந்த ஊரில் பட்டறை வைத்து, பல் ஆஸ்பத்திரி நாற்காலிகளைப் பழுது பார்ப்பவர். வாரத்தில் இரண்டு இரவாவது இங்கே வேலை இருக்கும். தொழிலில் நானும் பங்குதாரர். வீடு வாங்கச் சொன்னதும் நான்தான். வரி குறையும் என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் இதே ஊரில் இருக்கும் என் நாத்தனார். "என் தம்பியை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் நடுவே சொன்னவள். அவள் வீட்டில் இவர் தங்குவது எனக்கு ஆகவில்லை.

சாவி பூட்டில் திணறியது. உள்ளே போனால், மெத்தையின் மேல் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்க நான் ஓடுவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி சின்னப் பெண். அதட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்தாள். அது இருமிவிட்டுப் பழுப்புத் தண்ணீரைத் துப்பியது.

"சார், கடைசியா எப்போ இங்க தங்கினீங்க?"

"போன வாரம்."

அவள் மெத்தையைப் பார்த்தாள். "அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆனா அது பொய்னு தெரிஞ்சா அபராதத்தோட நிக்காது, வழக்கு வரும்." போன் வரவும் பால்கனிக்குப் போனாள்.

நான் இவர் சட்டையைப் பிடித்தேன். "இங்க படுக்கலேன்னா எங்க படுத்தீங்க?" எவளோ ஒருத்தி என்று அதற்குள் மனசு ஒரு முகம்கூட வரைந்துவிட்டது.

"அக்கா வீட்டுல."

எவளோ ஒருத்தியாக இருந்தால்கூட அத்தனை கோபம் வந்திருக்காது. "ரெண்டு வருஷமாவா?"

"முதல் ராத்திரி இங்கதான், அந்தப் பிளாஸ்டிக் மேலயே படுத்தேன். மூச்சு முட்டிடுச்சு. கூப்பிட ஆள் இல்லை, கதவு வரைக்கும் தவழ்ந்து போனேன். அப்புறம் தனியா படுக்கப் பயம். அக்கா வீட்டுக்குப் போனதுக்கப்புறம் ஒண்ணும் வரலை. சொன்னா நீ சாமியாடுவே."

அதிகாரி திரும்பி வந்தாள். இவர் பேனாவை எடுத்தார். உண்மையைச் சொன்னால் பழைய வரி அபராதத்தோடு திரும்பும், பட்டறையை விற்க வேண்டி வரலாம். பொய் சொன்னால் இவர் கோர்ட் படி ஏற வேண்டும், இந்த நெஞ்சோடு.

"எழுதாதீங்க," என்றேன். "மேடம், இவர் இங்க தங்கலை. அவங்க அக்கா வீட்டுல தங்கினார். வரியைக் கட்டிடறோம்."

"தானா ஒத்துக்கிட்டீங்கன்னு குறிச்சுக்கறேன். அபராதம் எவ்வளவுன்னு இப்போ சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டறையில் எதை முதலில் விற்பது என்று என் மனசு ஓடிக்கொண்டிருந்தது. இவர் மெத்தைப் பிளாஸ்டிக்கை இழுக்க ஆரம்பித்தார். "இனிமே நீயும் தங்கலாம், யாரு கேக்கப் போறா?" அந்த வேலைக்கே இவருக்கு மூச்சு இரைத்தது.

"விடுங்க. உங்க அக்காவுக்குப் போன் போடுங்க. ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லுங்க."

சொன்னார். நான் போனை வாங்கினேன். அவளோடு பேசிப் பல வருடமாகியிருந்தது.

"நான்தான். இவருக்கு ராத்திரி மூச்சு முட்டிச்சாமே, உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தத் தடவையைக் கேக்கறே?" என்றாள்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் பிளாஸ்டிக்கை மடித்துக்கொண்டிருந்தார்.