மூடி மேல் துளசி மாடம்

கழிவுநீர் லாரியின் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சடையப்பன் மூன்றாவது முறையாகக் கேட்டார்: "செப்டிக் டேங்க் மூடி எங்கக்கா?"

மலர்க்கொடி மாமனாரைப் பார்த்தாள். தேவநாதன் கொல்லையில் இருந்த துளசி மாடத்தைப் பார்த்தார்.

"அதுக்கடியிலயா?" சடையப்பன் குழாயைக் கீழே போட்டார். "சிதம்பரத்துல எத்தினியோ வூடு பாத்துட்டேன். மூடி மேல டைல்ஸ் ஒட்டுவாங்க, பைக் நிறுத்துவாங்க. சாமிய வெச்சது நீங்கதான் சார்."

"தளம் கெட்டியா இருந்துச்சு. தனியா இன்னொண்ணு எதுக்குன்னு..." என்று இழுத்தார் தேவநாதன்.

வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. அது நிரம்பி வழியத் தொடங்கி மூன்று நாளாகிறது. மலர்க்கொடி பக்கத்து வீட்டுக்காரர்களின் முகம் பார்த்து அவர்கள் கழிப்பறைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து மாமியார் சௌந்தரம் கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்றைக்கு வீடு திரும்புகிறாள். அவள் எங்கே போவாள்?

"இடிச்சிடலாம் மாமா."

"வெள்ளிக்கிழமையில துளசியத் தொடுவாங்களா? நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு எனக்குக் காட்டுமன்னார்கோயில்ல வேலை. இனிமே திங்கக்கிழமதான்" என்றார் சடையப்பன்.

"அதுவரைக்கும் பெட்பேன் வெச்சா ஆவாதா?"

"யாரு வெக்கிறது, நீங்களா?" என்றாள் மலர்க்கொடி.

தேவநாதன் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தோடு வந்து, நல்ல நேரம் தேட ஆரம்பித்தார். மலர்க்கொடிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போது அவளுடைய போன் அடித்தது. ஆம்புலன்ஸிலிருந்து கணவன் அறிவழகன். ஸ்பீக்கரைப் போட்டு மாமனாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"புதுச்சத்திரம் தாண்டிட்டோம்" என்றான் அவன். பின்னாலிருந்து சௌந்தரத்தின் குரல் வந்தது: "அவுரு இருக்காரா? ஏங்க, அந்த ஆஸ்பத்திரி கக்கூஸ்ல காலு வெக்க முடியல. காலையிலேருந்து அடக்கிக்கிட்டு வரேன். நம்ம வூட்டுல எல்லாம் சரியா இருக்குல்ல?"

தேவநாதன் துளசி மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கு. வா" என்றார்.

பஞ்சாங்கத்தை ஜன்னலில் வைத்தார். துளசியை வேர்மண்ணோடு பெயர்த்துப் பக்கெட்டில் இறக்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கடப்பாரைய எடு மலரு. மசமசன்னு நிக்கிறியே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். முதல் அடியை அவரே போட்டார்.

"மெதுவா சார், மூடி ஒடஞ்சி உள்ள வுழுந்துடப் போவுது!"

"எல்லாம் எனக்குத் தெரியும்யா" என்று எரிந்து விழுந்தார் தேவநாதன். "நீ போய்க் குழாய எடுத்தா."