மண்டபத்துக்குள் முந்திப்போன மாப்பிள்ளை

நீக்கிலாப்பிள்ளைக்குக் கடவுள் கொடுத்த சொத்து இரண்டு. ஒன்று தொண்டை, மற்றது மகள் லவீனா. தொண்டையை வைத்துக் குருநகர் மீன் சந்தையில் ஏலம் கூறிப் பிழைத்தார். மகளால்தான் இந்த மாசி மாதம் அந்தத் தொண்டை அடைத்துப்போய் நின்றார்.

குருநகர்ச் சந்தையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஏலக்காரர் விலையை மூன்று தரம் கூறுவார். ஆட்சேபம் உள்ளவன் வாயைத் திறக்கலாம். திறக்காவிட்டால் வியாபாரம் முடிந்தது. பிறகு வந்து, தான் அப்படி நினைக்கவில்லை என்று தலையைச் சொறிகிறவனுக்குச் சொறிந்த கையிலேயே மீனைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோயிலிலும் இதே முறைதான் என்பது நீக்கிலாப்பிள்ளையின் எண்ணம். கலியாண அறிவித்தலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவன் சொல்ல வேண்டும். லவீனாவின் அறிவித்தல் மூன்றாம் முறையும் வாசிக்கப்பட்டு, ஒரு சனம் இருமக்கூட இல்லை என்றதும், அவர் கணக்கில் கலியாணம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

மிச்சக் கால்வாசிதான் கப்பலில் வந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஜெரிசன் சென்னையில் ஒரு கொம்பனியில் கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிறவன். அமைதியான பிள்ளை. தாய் மரியநேசம் குருநகர்ப் பிறப்பு. சண்டைக் காலத்தில் பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு, மீன்பிடிப் போட்டில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி இந்தியாவுக்குப் போனவர். அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தாராம், இனி இந்த மண்ணில் கால் வைத்தால் கப்பலில் வந்துதான் வைப்பேன் என்று. ஆகாய விமானம் அவருக்குப் பயம் என்பதைச் சபதத்தில் சேர்க்கவில்லை. இப்போது சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் ஓடுகிறது என்றதும், தாயும் மகனும் அதில் இடம் பிடித்தார்கள். கப்பலில் நீச்சல் குளம் இருக்கிறது, பத்து வகை இறைச்சி இருக்கிறது என்று மரியநேசம் தினமும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். நீக்கிலாப்பிள்ளையின் மனைவி ஸ்ரெல்லா அதைக் கேட்கிற ஒவ்வொரு தரமும் மீன் வெட்டுகிற கத்தியைக் கொஞ்சம் ஓங்கி வெட்டினாள்.

கலியாணம் விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை. புதன் வந்தால் தவக்காலம். தவக்காலத்தில் பாண்ட் வாத்தியம் இல்லை, இறைச்சி இல்லை, கலியாணமும் இல்லை. பிறகு ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் நீக்கிலாப்பிள்ளையின் கணக்குக்கு ஒத்துவரவில்லை. விடியப் பிடித்த மீனை மத்தியானத்தில் ஒருவரும் விடிய விலைக்குக் கேட்பதில்லை. மரியநேசம் சீதனப் பேச்சை இரண்டாம் தரம் தொடங்குவதற்கு ஒரு இடைவெளிக்காகத்தான் காத்திருக்கிறார் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே ஏலக்காரர் கண்டுபிடித்திருந்தார். வீடியோவில் பார்த்த முகம் என்றாலும் முகம் முகம்தான்.

கப்பல் செவ்வாய்க்கிழமை வந்தது. வைரசும் சேர்ந்து வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்து விழுந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் முதல் நாள் பின்னேரம் தொடக்கம் விழுந்து விழுந்து அதையெல்லாம் சத்தி எடுத்தார்கள். துறைமுகத்தார் கப்பலைக் கரையில் கட்ட விடவில்லை. இங்கே இறங்க இருந்தவர்களை மட்டும் மயிலிட்டி மீன்பிடிப் போட்டுகளை அனுப்பி இறக்கினார்கள். அப்படியாக, சபதம் போட்ட மரியநேசம் தலையிலிருந்து கால் வரை பிளாஸ்ரிக் உடுப்போடு, கையில் ஒரு சத்திப் பையோடு, மீன் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்து தாய்மண்ணில் கால் வைத்தார். கப்பல் மிச்ச ஆட்களோடு திரும்பிப் போய்விட்டது.

இறக்கினவர்களை எங்கே வைப்பது என்று சுகாதாரப் பகுதியினர் தேடி, கடைசியில் குருநகருக்குப் பக்கத்துக் கொழும்புத்துறையில் கடல்காற்றுப் படுகிற ஒரு கலியாண மண்டபத்தை எடுத்தார்கள். அது நீக்கிலாப்பிள்ளை திங்கட்கிழமைக்கு எடுத்திருந்த அதே மண்டபம். அன்றைக்குச் சோறு பரிமாறப் போன மண்டபத்துச் சமையல்காரரும் பிறகு வெளியே வரவில்லை. செய்தி குருநகருக்கு வந்தபோது சந்தையில் ஒரே சிரிப்பு. மாப்பிள்ளைக்கு அவசரம், ஒரு கிழமை முந்தியே மண்டபத்துக்குப் போய்ப் படுத்துவிட்டான் என்று நீக்கிலாப்பிள்ளைக்கு மருமகன்முறையான டினேஸ் என்ற பெடியன் சொல்லித் திரிந்தான்.

வியாழக்கிழமை நீக்கிலாப்பிள்ளை வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு மண்டபத்து வாசல் கேற்றடிக்குப் போனார். உள்ளே பொறுப்பாக நின்றவர் வாகீசன் என்கிற இளம் சுகாதாரப் பரிசோதகர். தென்மராட்சிப் பக்கத்துப் பிள்ளை. மூக்கில் இரண்டு மாஸ்க், அதற்கு மேலே பிளாஸ்ரிக் மறைப்பு, அதற்கு மேலே அடக்கம். பத்து நாள் தனிமைப்படுத்தல், அதற்குள் ஒருவரையும் விட இயலாது என்று மெல்லிய குரலில் சொன்னார். அடுத்த கிழமை வெள்ளி வரை.

பத்து என்பது நீக்கிலாப்பிள்ளையின் காதில் தொடக்க விலையாகத்தான் விழுந்தது. அவர் மூன்றில் தொடங்கினார். வாகீசன் திரும்பவும் பத்து என்றார். இவர் மனமில்லாமல் நாலுக்கு ஏறினார். பிறகு, சத்தி எடுத்து முடித்தவர்களுக்கு ஒரு விலைக்கழிவு தரக்கூடாதா என்று கேட்டார்.

"ஐயா, இது வைரசு. அதோடை பேரம் பேசேலாது."

"வைரசோடை ஆர் கதைச்சது தம்பி? நான் உம்மோடையல்லோ கதைக்கிறன்."

பத்து இறங்காது என்று கண்டதும் நீக்கிலாப்பிள்ளை சரக்கை மாற்றினார். ஆட்களை விடத் தேவையில்லை. திங்கட்கிழமை விடிய நாங்கள் கேற்றுக்கு வெளியே நிற்கிறோம், அவர்கள் உள்ளே நிற்கட்டும், சுவாமியார் நடுவில் நின்று ஆசீர்வதிக்கட்டும், அரை மணித்தியாலத்தில் காரியம் முடிந்துவிடும் என்றார். பிளாஸ்ரிக் மறைப்புக்குள்ளால் கேட்குமோ கேட்காதோ என்று குரலையும் உயர்த்தினார்.

"திங்கள் விடிய, கேற்றடியிலை. ஒருதரம்."

வாகீசன் கடலைப் பார்த்தார்.

"ரெண்டுதரம்."

வாகீசன் ஒரு தென்னை மரத்தைப் பார்த்தார்.

"மூண்டுதரம்."

தென்னை மரத்தில் என்ன இருந்ததோ, வாகீசன் பார்வையை எடுக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை கேற்றில் ஒரு தட்டுத் தட்டினார். முடிந்தது வியாபாரம். நல்ல குடும்பத்துப் பிள்ளை, அதிகம் கதைக்காது என்று வழி முழுக்கப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

பங்குச் சுவாமியார் செபநாயகம், சுகாதாரப் பரிசோதகர் சம்மதித்தாரா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மூன்று தரம் கூறியாயிற்று, பெடியன் வாய் திறக்கவில்லை என்றார் நீக்கிலாப்பிள்ளை. சுவாமியாரும் குருநகர்ப் பிறப்பு. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆயர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, கோயிலுக்கு வெளியே கலியாணம் வைக்க அனுமதி வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை விடிய ஒரு லொறி, ஏழெட்டு ஓட்டோ, பாண்ட் கோஷ்டி, மூன்று தட்டுக் கேக், ஒலிபெருக்கி, சேலைக்குள் லவீனா, எல்லாம் கொழும்புத்துறைக் கடற்கரை வீதியை அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தன. பாண்ட்காரர் கேற்றடியில் ஊதத் தொடங்கினதும் வாகீசன் கையில் காய்ச்சல் பார்க்கிற கருவியோடு ஓடி வந்தார்.

"என்ன ஐயா இது?"

"கலியாணம். வியாழக்கிழமை முடிச்ச கதைதானே."

"நான் ஓமெண்டு சொல்லேல்லையே."

"இல்லையெண்டும் சொல்லேல்லை."

"நான் பேசாமல் நிண்டன் ஐயா."

"அதைத்தானே தம்பி நானும் சொல்லுறன்."

வாகீசன் மாஸ்க்குக்குள் வியர்த்து வழிய விளக்கினார். தகப்பன் தம்பிராசா சாவகச்சேரிச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவராம். கட்டுப்படியாகாத அறா விலை கேட்கிற வியாபாரிக்கு அங்கே ஒருவரும் மறுமொழி சொல்வதில்லையாம். எங்கேயாவது பார்த்துக்கொண்டு நின்றால் கேட்டவன் விளங்கிக்கொண்டு போய்விடுவானாம். கேட்டவர் வயதில் மூத்தவர் என்றால், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதையும் இல்லையாம்.

"ஐயா மூண்டு தரம் கேட்டீங்கள். நானும் மூண்டு தரம் மாட்டனெண்டு சொன்னன்," என்றார் பாவமாக.

குருநகர்ச் சனம் திகைத்துப்போயிற்று. வாழைக்குலை விற்கிற இடத்தில் இப்படி ஒரு நாகரிகமற்ற வழக்கம் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த நேரம் பார்த்து மேல்மாடி விறாந்தையில் மரியநேசம் தோன்றினார். சத்தி நின்று, முகத்துக்குப் பவுடரும் வந்திருந்தது. மற்றப் பயணிகளும் போன்களைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கப்பலில் காசு கட்டிப் பார்க்காத வேடிக்கை இது.

"பரவாயில்லைங்க சம்மந்தி," என்றார் மரியநேசம், சென்னைத் தமிழில். "ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம். அவசரத்துல பேசின சில விஷயங்களை நிதானமா மறுபடியும் பேசிடலாம், இல்லீங்களா?"

நீக்கிலாப்பிள்ளையின் சந்தை முழுக்கக் கேட்கிற குரல், "தம்பி, ஒரு வழி சொல்லுமன்" என்று வாகீசனிடம் கெஞ்சுகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. வாகீசன் இந்த முறை வாயைத் திறந்தே சொன்னார். உள்ளே இருந்து ஒன்றும் வெளியே வர இயலாது. சாப்பாட்டுப் பாசல் உள்ளே வரலாம், பாசல் சுற்றின பேப்பர்கூட வெளியே போகாது.

கேற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வார்த்தைப்பாடு கொடுக்கலாம், ஆனால் தாலியை எப்படிக் கட்டுவது என்று சுவாமியார் யோசித்தார். தூண்டில் தடியில் கொழுவி நீட்டினால் சரி என்றான் டினேஸ். சுவாமியார் அவனைப் பார்த்த பார்வையில் அவன் போய் லொறிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

அப்போதுதான் லவீனா ஓட்டோவிலிருந்து இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கேற்றடிக்கு வந்தாள். உள்ளே படிக்கட்டில் ஜெரிசன், கப்பலில் தந்த அரைக் காற்சட்டையோடு நின்றான். ஆறு நாள் கஞ்சி குடித்த முகம். அவளைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. லவீனா அதை ஒரு தரம் பார்த்துவிட்டு வாகீசனிடம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை சோறு பரிமாறப் போன சமையல்காரர் எங்கை?"

"உள்ளைதான், தங்கச்சி. உள்ளை வந்தவர் வந்ததுதான். இனி நாள் முடியத்தான் போகலாம்."

"அப்ப ஆக்கள் உள்ளை வரலாம்?"

வாகீசனின் கண் தென்னை மரத்தைத் தேடத் தொடங்கியது.

"அண்ணை, மரத்தைப் பாராதேங்கோ. என்னைப் பாத்து வாயாலை சொல்லுங்கோ."

"நோயாளியைப் பராமரிக்க ஒராள் வரலாம்," என்றார் வாகீசன், விழுங்கிக்கொண்டு. "ஆனால் பிறகு திரும்பிப் போகேலாது."

"கலியாணம் கட்டினால் எப்பிடியும் திரும்பிப் போகேலாதுதானே," என்று சொல்லி, தகப்பனின் கையிலிருந்த தாலிப் பெட்டியை வாங்கிக்கொண்டு லவீனா கேற்றுக்குள் காலை வைத்தாள்.

மேல்மாடியில் மரியநேசம் என்ன செய்கிறாய் பிள்ளை என்று கத்தியது சுத்தமான குருநகர்த் தமிழாக இருந்தது. அவர் படிகளில் இறங்கி வருவதற்குள் சுவாமியார் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். சனம் வீதியில் முழங்காலில் நின்றது. சென்னைப் பயணிகள் விறாந்தையில் இருந்து கைதட்டினார்கள். ஜெரிசன் தாலியைக் கட்டினான். வாகீசன் பின்னால் நின்று கிருமிநாசினியை விசிறினார், பன்னீர் மாதிரி. மகளோடு தானும் போகிறேன் என்று கேற்றுக்குள் பாய்ந்த நீக்கிலாப்பிள்ளையின் சேட்டை ஸ்ரெல்லா இழுத்துப் பிடித்தாள். உள்ளே இருக்கிறவர்களுக்குச் சோறு கொண்டுவர வெளியே ஓராள் வேண்டாமா என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள், ஆனால் கேள்வி சரியாக இருந்தது.

அன்றைக்குக் கேக் முழுவதும் உள்ளே போனது. ஒரு துண்டுகூட வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிந்து, கப்பல் ஆட்களை விடலாம் என்று அறிவித்தார்கள். நீக்கிலாப்பிள்ளையும் ஸ்ரெல்லாவும் ஓட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். வாகீசன் கேற்றடிக்கு வந்து, முகத்தை நேரே பார்த்து, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மாப்பிள்ளையும் தாயும் போகலாம். மகள் திங்கட்கிழமைதான் உள்ளே வந்தவர், ஆகவே அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உள்ளே ஜெரிசன் படிக்கட்டில் குந்தியிருந்தான். எழும்பவில்லை.

"நான் வரேல்லை, மாமா," என்றான். கலியாணம் பேசின நாள் தொடக்கம் அவன் வாயிலிருந்து தானாக வந்த முதல் முழு வசனம் அது. "அவ வாற அண்டைக்கு வாறன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

சமையல்காரர் மட்டும் மணமக்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே ஓடினார்.

மரியநேசம் பெட்டியோடு வந்து ஓட்டோவில் ஸ்ரெல்லாவுக்குப் பக்கத்தில் ஏறினார். நீக்கிலாப்பிள்ளை சாரதியின் சீற்றில் பாதியில் தொங்கினார். அடுத்த கப்பல் ஈஸ்டருக்குப் பிறகுதான். அதுவரை சம்மந்தி அவர் வீட்டில். பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். விடியற்காலைச் சந்தையில் முதல்தரமான மீன் அவர் கைக்குத்தான் வருகிறது, ஒரு மாதம் விளைமீனும் பாரையுமாகச் சமைத்துப்போட்டால் எந்த மனுசியும் இளகிப்போகும்.

"இண்டைக்கு இறால் குழம்பு வைக்கட்டோ, மச்சாள்?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

"ஐயோ, தவக்காலம்," என்றார் மரியநேசம். "அந்தப் போட்டிலை வரேக்கை மாதாவுக்கு நேர்ந்துபோட்டன். ஈஸ்டர் வருமட்டும் மீன் வாசம்கூட எனக்கு ஆகாது. ரெண்டு மரக்கறி வைச்சால் போதும். ஆனால் பிஞ்சாப் பாத்து வாங்கவேணும்."

நீக்கிலாப்பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு கத்தரிக்காயை விலை கேட்டதில்லை.

"தம்பி," என்றார் சாரதியிடம், குரலைத் தாழ்த்தி. "திருநெல்வேலி மரக்கறிச் சந்தைப் பக்கமா விடும்."