வாந்தி வரட்டும்

வாந்தின்னாலே முகத்தைச் சுளிக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். என்னைப் பார்த்து நானே முகத்தைச் சுளிச்சிருக்கேன்.

பேக்கரியில கேக் அலங்காரம் பண்றது என் வேலை. பூ, கொடி, பேரு எழுதறது எல்லாம் என் கைதான். ஒரு நாள் காலைல படுக்கையில திரும்பிப் படுத்தேன், அறையே என்னைத் தூக்கி அடிச்சுது. கூரை சுத்துது, அலமாரி சுத்துது, கண்ணை மூடினா இன்னும் மோசமா சுத்துது. தவழ்ந்து போய் கழிப்பறைத் தொட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். சோறு போச்சு, தண்ணி போச்சு, அப்புறம் பச்சையா கசப்பா ஒண்ணு வந்துச்சு. அதுவும் தீர்ந்த பிறகு வயிறு மட்டும் சும்மா குமட்டிக்கிட்டே இருந்துச்சு. சீ, இதெல்லாம் ஒரு பொழப்பான்னு இருந்துச்சு.

டாக்டர் புரியற மாதிரி சொன்னார். நாம எந்தப் பக்கம் திரும்பறோம்னு மூளைக்குச் சொல்ற உறுப்பு ரெண்டு காதுக்குள்ளயும் இருக்காம். வலது காதுலேருந்து போற நரம்பை ஏதோ கிருமி தின்னுட்டுப் போயிடுச்சு. இடது காது மட்டும் தனியா கத்துது, அதைக் கேட்டுட்டு மூளை நான் சுத்தறதா நம்பிடுது.

"நரம்பு பழையபடி ஆகுமா டாக்டர்?"

"அநேகமா ஆகாதும்மா. ஆனா மூளை ஒத்தைக் காதை வெச்சே சமாளிக்கக் கத்துக்கும். அதுக்கு நீங்க தலையை ஆட்டணும், நடக்கணும், கிறுகிறுன்னு வரணும். தப்பு தெரிஞ்சாத்தான் அது திருத்திக்கும். இந்த மாத்திரை முதல் ரெண்டு மூணு நாளைக்குத்தான். அப்புறமும் போட்டா சுத்தல் அடங்கும், ஆனா மூளையும் சேர்ந்து தூங்கிடும்."

என்னைப் பார்த்துக்க அக்கா வந்தா. மாமா வேற ஒருத்தியோட போனதுலேருந்து எங்க அண்ணன் வீட்டுல ஓசிச் சோறு தின்றோமேன்னு குறுகிப்போய்க் கிடந்தவ. இங்க வந்ததும் ஆளே மாறிட்டா. "எழுந்திருக்காதடி, நான் கொண்டு வரேன்", "தலையை ஆட்டாதடி என் தங்கம்"னு ஒரே தாங்கல். ஈரத்துணியை எடுத்து என் வாயைத் துடைச்சுவிடுவா. அந்தத் துணியோட புளிச்ச வாடை இருக்கே, அதுக்கே எனக்கு இன்னொரு தடவை வந்துடும்.

பேக்கரி முதலாளியம்மா போன் பண்ணாங்க. "பாவமாத்தான் இருக்கு. ஆனா கல்யாண சீசன் பாரு. மாசக் கடைசிக்குள்ள வந்து ஒரு கேக் முடிச்சுக் காட்டு. இல்லேன்னா என் அண்ணன் பொண்ணையே அங்க வெச்சுக்கறேன்." அந்தப் பொண்ணு போடற ரோஜாவை நான் பார்த்திருக்கேன். முட்டைக்கோஸ் தோத்துடும். அவகிட்ட என் மேசையைக் குடுத்துட்டு நான் வீட்டுல படுத்துக் கிடக்கணுமா? நல்லா இருக்கே கதை!

பயிற்சி சொல்லிக் குடுக்கற பொண்ணு ஒரு காகிதத்துல பெரிசா ஓர் எழுத்து எழுதிக் குடுத்தா. சுவத்துல ஒட்டி, அதையே பார்த்துக்கிட்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டணும். ஆட்டினா எழுத்து குரங்கு மாதிரி குதிக்கும். "எழுத்து குதிக்காம நிக்கற வரைக்கும் ஆட்டுங்க அக்கா"ன்னா. கேக்கை வெச்சு சுத்தற தட்டை நினைச்சாலே குமட்டுதுன்னு சொன்னேன். "அப்போ அதுதான் உங்களுக்கு மருந்து. தினம் சுத்தவிட்டுப் பாருங்க"ன்னா.

மூணு நாளோட மாத்திரையை நிறுத்திட்டு ஆட்டினேன், பார்த்தேன், நடந்தேன். ரெண்டு வாரம்தான் போச்சு. எழுத்து அப்படியே குதிச்சுது. போதாததுக்கு எந்நேரமும் தூக்கம், நாக்கு வறண்டு ஒட்டிக்குது. பயிற்சிப் பொண்ணு ஒரு மாதிரி பார்த்தா. "நிஜமாவே செய்றீங்களா அக்கா? மாத்திரை ஏதும் போடலையே?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. என்னைப் பார்த்தா பொய் சொல்றவ மாதிரியா இருக்கு?

மறுநாள் காலைல சீக்கிரமே முழிப்பு வந்துடுச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டே சமையலறைக்குப் போனேன். அக்கா முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா. ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல ஒரு மாத்திரையை வெச்சு நசுக்கி, பொடியை தினம் எனக்குக் குடுக்கற எலுமிச்சை ஜூஸ்ல தட்டிவிட்டு, சத்தம் வராம கலக்கினா.

"என்னக்கா அது?"

கையிலேருந்து ஸ்பூன் விழுந்துச்சு. "நீ வாந்தி எடுக்கறதைப் பார்க்க சகிக்கலடி. பெத்த பிள்ளை மாதிரி..."

"எத்தனை நாளா?"

முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அதுலயே தெரிஞ்சுபோச்சு. நான் காலைலயும் சாயங்காலமும் உயிரைக் குடுத்துத் தலையை ஆட்ட, இவ பின்னாடியே வந்து என் மூளைக்குத் தாலாட்டுப் பாடியிருக்கா. அந்த ஜூஸை இனிப்பா இருக்குன்னு பாராட்டி வேற குடிச்சேன். தம்ளரை அப்படியே பாத்திரம் கழுவற தொட்டியில கவுத்தேன்.

"மாத்திரையெல்லாம் எங்க இருக்கு, எடு."

மருந்துக் கடையில எனக்குத் தெரியாம வாங்கி வெச்சிருந்ததை முந்தானை முடிச்சுலேருந்து அவிழ்த்துக் குடுத்தா. எல்லாத்தையும் கழிப்பறையில போட்டுத் தண்ணியை ஊத்தினேன். அப்புறம் பரண்லேருந்து என் பழைய சுத்துத்தட்டை இறக்கச் சொல்லி, ஒரு கிண்ணத்தைக் கவுத்து, கலர் காகிதத்தைக் கீத்து கீத்தா ஒட்டி அதும்மேல வெச்சேன். பக்கெட்டை மடியில வெச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்தேன்.

"சுத்து."

"வேணாம்டி..."

"நீதான் சுத்தற. வாந்தி வரட்டும். நீ உட்கார்ந்து பாரு."

சுத்தினா. வந்துச்சு. அவ மூக்கைப் பொத்திக்கிட்டு அழுதா. வாயைத் துடைக்க வந்த கையைத் தட்டிவிட்டேன். "இன்னும் வேகமா"ன்னேன். தினமும் இதே கூத்துதான். வீடே நாறுச்சு. ஜன்னலைத் திறந்துவெச்சாலும் போகல, தலைமுடியில கூட அதே நாத்தம். ஆனா பக்கெட் கொஞ்சம் கொஞ்சமா காலியாவே இருக்க ஆரம்பிச்சுது.

மாசக் கடைசிக்கு முந்தின நாள். சுவத்துல ஒட்டின காகிதம் கிழிஞ்சு தொங்குச்சு, சரி போகட்டும்னு எதிர்ல இருந்த அக்கா முகத்தையே பார்த்துக்கிட்டு தலையை ஆட்டினேன். இப்படி, அப்படி. வேகமா, இன்னும் வேகமா. முகம் குதிக்கல. கண்ணு, மூக்கு, நெத்திச் சுருக்கம் எல்லாம் வெச்ச இடத்துல வெச்ச மாதிரி நின்னுச்சு.

"அக்கா, நிக்குது! உன் முகம் நிக்குது!"

"அப்படியா? நல்லதும்மா"ன்னு சொன்னா.

வாய்தான் சொல்லுச்சு. இத்தனை நாள் கலங்கலா ஆடிக்கிட்டிருந்த முகத்தை இப்பத்தான் தெளிவா பார்க்கறேன், அதுல துளி சந்தோஷம் இல்ல. எனக்கு சரியாயிட்டா, இவ திரும்ப அண்ணன் வீட்டு மூலைக்குப் போகணும். அந்த பயம்தான் முகம் பூரா அப்பிக்கிடந்துச்சு. வாந்தியைப் பார்க்க சகிக்காம மாத்திரை கலக்கலை இவ. தூ! கூடப் பிறந்தவ நான் எழுந்து நடந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்திருக்கா.

எனக்கு மறுபடியும் குமட்டுச்சு. இந்தத் தடவை காது காரணமில்ல.

"நாளைக்கு நான் பேக்கரிக்குப் போறேன். நீ இங்கயே இருந்துக்கலாம்"ன்னேன். அவ முகம் மலர்ந்த வேகத்தைப் பார்க்க முடியாம தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். "ஆனா இனிமே என் சோறு, என் தண்ணி எல்லாம் நானேதான் எடுத்துப்பேன். நீ தொடாதே."