வாடகைக் கோட்டு

பெரியவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களுக்கு ஊசி குத்தி, குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டி, பத்தரைக்குள் எல்லாவற்றையும் இயந்திரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். வயது முப்பத்தெட்டு. அவள் குத்தினால் வலிக்காது என்று அவளையே கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். இப்படி அடக்கமாக வேலை பார்க்கிறவள் தொலைபேசியைக் கையில் எடுத்தால் வேறு ஆள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. 'ஏழாம் வளையம்' என்கிற விண்வெளித் தொடரின் ரசிகர்களுக்கு ஒரு பெரிய இணையக் குழு உண்டு. அதை நடத்துகிற மூன்று பேரில் அவள் ஒருத்தி. அங்கே அவள் பெயர் சாம்பல். சாம்பல் ஒரு கருத்தைச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்கிற அளவுக்குச் செல்வாக்கு. இந்த வயதில் இதென்ன கூத்து என்று கேட்பார்களே என்றுதான் அவள் மூச்சு விடவில்லை.

அந்தத் தொடர் பதினோரு வருடமாக ஓடுகிறது. அதன் வில்லன் வானளந்தான் என்கிற ஆளுநர். கணுக்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டு, சத்தமே போடாத குரல். ஒரு பாகத்தில், தலைநகரத்துக்குக் காற்று போதாமல் போனபோது, தொள்ளாயிரம் பேர் இருந்த ஒரு சின்ன நிலையத்தின் காற்றுக்குழாயை அவன் தன் கையாலேயே அடைத்தான். அவன் செய்தது சரியா தவறா என்று குழுவில் ஏழு வருடமாக மல்லுக்கு நின்றார்கள். ஒட்டடை என்ற பெயரில் எழுதும் இன்னொரு நிர்வாகி, அவன் பச்சைக் கொலைகாரன் என்பார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அவன் வெறும் அலுவலகத்து ஆள், மேலிருந்து வந்ததைச் செய்தான் என்பார். பெரியவளுக்கு அந்தச் சண்டை சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி.

ஒரு நாள் வானளந்தானாக நடித்தவர் படப்பிடிப்புக்கு நடுவில் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி வந்தபோது அவள் குளிர்பெட்டி அறையில் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர்.

துக்கம் ஆறுவதற்குள் அடுத்த வில்லன் யார் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பாத்திரத்தையே சாகடித்துவிட வேண்டும் என்றது ஒரு கூட்டம். கணினியில் பழைய முகத்தை வரைந்துவிடலாம் என்றது இன்னொன்று. தபால்காரர் மட்டும் வேறு நடிகரைப் போடட்டும் என்றார். நாளைக்கு வேறு ஆள் கொண்டுவந்து கொடுத்தாலும் கடிதம் அதே கடிதம்தானே என்று அவர் எழுதியதைப் படித்ததும் பெரியவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே அவருக்குப் பதில் எழுதினாள். நீளமாக, ஆத்திரமாக, அழகாக எழுதினாள். அதன் கடைசி வரி இது: 'அந்தக் கோட்டை இனி யார் போட்டாலும் அது வாடகைக் கோட்டுதான்.'

சாயங்காலத்துக்குள் அந்த வரி காட்டுத்தீயாய்ப் பரவிவிட்டது. பெரிய எழுத்தில் அச்சடித்த மாதிரிப் படமாக்கிப் போட்டார்கள். பழைய நடிகரின் முகத்துக்குக் கீழே போட்டார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவன் அம்மாவையும் அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

சின்னவன் அவள் தம்பி, எட்டு வயது இளையவன். மின்சாரப் புகார் மையத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. வாரக் கடைசியில் மேடை நாடகம். பத்து வருடமாக நடிக்கிறான், நாடகம் பார்க்கிற நூறு பேரைத் தவிர அவனை யாருக்கும் தெரியாது. இப்போது அவனுக்கு ஒரு பெரிய வேடம் கிடைத்திருப்பதாகவும், அறிவிப்பு வரும்வரை வெளியே மூச்சுக் காட்டக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பதாகவும் சொன்னான். என்ன வேடம் என்று அம்மா கேட்டாள்.

"வானளந்தான்" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அம்மா அவன் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். பெரியவள் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

அறிவிப்புக்குப் பத்து நாள் இருந்தது. முதல் வேலையாகத் தன் பதிவை அழித்தாள். அழித்து என்ன பிரயோசனம்? அதன் படம் ஆயிரம் பேர் கையில் இருந்தது. பிறகு, பார்க்காமலே யாரையும் தூற்ற வேண்டாம், வருகிறவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று பக்குவமாக ஒன்று எழுதினாள். சாம்பலின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று கேலி பேசினார்கள். தபால்காரருக்குத்தான் சந்தோஷம். மனசு மாறியதற்கு நன்றி அம்மா என்று எழுதியிருந்தார்.

அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கறுப்புக் கோட்டில் சின்னவன் நின்றிருந்தான். தோள்பட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தது, வேறு ஒருவருக்குத் தைத்ததை இறுக்கிப் போட்ட மாதிரி. பெரியவள் ஒருவர் கையில் ரப்பர்ப் பட்டை கட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். பைக்குள் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு மணிநேரம் கழித்துத்தான் எடுத்துப் பார்க்க முடிந்தது. அதற்குள் அவனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வாடகைக் கோட்டு.

அவன் பழைய நாடகப் படங்களைத் தோண்டி எடுத்தார்கள். புகார் மையத்தில் வேலை பார்த்தவன் என்று கண்டுபிடித்தார்கள். 'காற்றை அடைக்க ஒன்றை அழுத்தவும்' என்று ஒருவன் எழுதியதற்கு நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். பெரியவள் நிர்வாகி என்கிற முறையில் ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள். எண்பது நீக்கினால் இருநூறு வந்தது. சாப்பாட்டு இடைவேளை முழுக்க நீக்கினாள். பேருந்தில் நின்றபடி நீக்கினாள்.

மூன்றாம் நாள் ஒட்டடை அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். இத்தனை வருடம் யார் என்ன எழுதினாலும் நீக்காதவர் இப்போது மட்டும் ஏன் நீக்குகிறீர்கள் என்று கேட்டார்.

"கம்பெனிக்காரங்க உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா?"

"இல்லைங்க."

"அப்போ அந்தப் பையன் உங்களுக்கு யாரு?"

சொல்லிவிட வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அக்காவை வைத்துத்தான் தம்பி உள்ளே வந்தான் என்பார்கள். வாடகைக் கோட்டு என்று பெயர் வைத்ததே உடன்பிறந்தவள்தான் என்பது ஊர் சிரிக்கிற கதையாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் அடி அவனுக்குத்தான்.

"யாரும் இல்லைங்க" என்றாள்.

அடுத்த நாள் ஓட்டெடுப்பு வைத்து அவளை நிர்வாகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த கையோடு அவளுடைய பழைய வரியை, அவள் அழித்த அதே வரியை, குழுவின் உச்சியில் ஒட்டினார்கள். கீழே 'சாம்பல்' என்று பெயரும் போட்டார்கள். மரியாதைக்காம்.

சின்னவன் நடித்த முதல் அத்தியாயத்தை மூவரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். சின்னவன் நாற்காலி நுனியில் இருந்தான். திரையில் அவன் வந்ததும் அம்மா கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள், அதற்குப் பிறகு அவள் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரியவள் பார்த்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு காட்சியில், காற்று கேட்டுக் கெஞ்சுகிற ஒரு அதிகாரியிடம் வானளந்தான் பேசுகிறான். சின்னவன் அதைப் பொறுமையாக, களைப்பாக, மின்சாரம் போனவர்களிடம் பேசுகிற குரலில் பேசினான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஒவ்வொரு சொல்லைச் சொல்லும்போதும் அவளுக்குள் பழையவரின் குரல் அதே சொல்லை ஒரு நொடி முன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. தடுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

முடிந்ததும் அவன் அவளைத்தான் திரும்பிப் பார்த்தான்.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

"நல்லா இருந்துச்சுடா" என்றாள். ஒரு கண்ணிமைப்பு தாமதமாகச் சொல்லிவிட்டாள். அவன் நடிகன். அவனுக்கு அது போதும்.

அம்மா தூங்கப் போனதும் அவன் தொலைபேசியை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினான். திட்டு வாங்குவது தனக்குப் பழக்கம்தான், எட்டு மணிநேரம் அதற்குத்தானே சம்பளம் என்று சிரித்தான். இந்த வாடகைக் கோட்டு என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்குக் கை நல்ல கை என்றான். அவன் வேண்டுமென்றே சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னான். அதுதான் அவளை உடைத்தது.

"நான்தான்டா எழுதினேன்."

அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். எப்போது என்று கேட்டான். வேடம் கிடைத்ததை அவன் வந்து சொல்வதற்கு மூன்று வாரம் முன்னால் என்றாள்.

"அப்போ என்னைச் சொல்லல."

"இல்லடா. சத்தியமா இல்ல."

அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"இன்னிக்குப் பார்த்தியே. இப்பவும் உனக்கு அப்படித்தானே தோணுது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊசி குத்தும்போது வலிக்காது என்று தினமும் நூறு பேரிடம் பொய் சொல்கிறவள்தான். தம்பியிடம் அந்த வார்த்தை வரவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, படுக்கப் போனான். கோபப்பட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

ஆறாவது அத்தியாயத்தில் வானளந்தானின் கப்பல் வெடித்துச் சிதறியது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்து, கதை வேறு பக்கம் போகிறது, நடிப்பில் எந்தக் குறையும் இல்லை என்று இனிமையாகச் சொல்லியிருக்கிறாள். குழுவில் அன்று கொண்டாட்டம். தபால்காரர் மட்டும் ஓரமாக எழுதியிருந்தார்: 'எனக்கு இந்தப் பையன் பழகிவிட்டான். போன வாரம் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தானே, அது முன்னவரிடம் இல்லாதது.' அவர் சொன்னபிறகு பெரியவள் அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தாள். உண்மைதான். முதல் தடவை அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

தபால்காரர் எழுதியதைச் சின்னவனுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. குழுவைவிட்டு அன்றே விலகினாள். அவள் போனதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சின்னவன் புகார் மையத்துக்கே திரும்பினான். பேச்சுவார்த்தை எல்லாம் பழையபடிதான். சாப்பிட்டாயா என்பான், மழை வரும் குடை எடுத்துப் போ என்பான். நடிப்பைப் பற்றி மட்டும் அவளிடம் ஒரு சொல் பேசுவதில்லை. அம்மாவிடம் ஒரு தரம் அவள் புலம்பினாள். நாள் போனால் சரியாகிவிடும் என்றாள் அம்மா. எது சரியாக வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து அவன் ஒரு புது நாடகத்தில் நடிப்பதாக அம்மா வாய்வழியாகத் தெரிந்தது. அம்மாவுக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தான். பெரியவள் அரங்கத்துக்குத் தனியாகப் போய், வரிசையில் நின்று சீட்டு வாங்கி, கடைசி வரிசையில் தூண் மறைக்கிற இருக்கையில் உட்கார்ந்தாள். அவனுக்கு டாக்டர் வேடம், மொத்தம் நாலு வரி. வந்தான், நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான், நாலு வரியையும் சொன்னான், உள்ளே போய்விட்டான். இந்த முறை அவள் காதில் வேறு யார் குரலும் கேட்கவில்லை. அவனிடம் போய் அதைச் சொல்ல வேண்டும் என்று நாடகம் முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்ததும் அவன் ஒப்பனையைக் கலைக்காமலே அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போவது தெரிந்தது. நடுவில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. வழி விடச் சொல்லிக் கேட்காமல் அவள் தூணோரம் ஒதுங்கி நின்றாள்.