சிவப்புக் கறை இருந்த மூலை

எங்கள் வீட்டில் போர்வைக்கு லேபிள் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பழைய உடுப்புகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, கையாலேயே போர்வை தைத்துக் கொடுப்பது எனக்கும் என் நாத்தனாருக்கும் தொழில். கடைசியாகப் பின்பக்கத்து மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி வைப்போம். யாருடைய உடுப்பு, எப்படித் துவைக்க வேண்டும், தைத்தவர் யார் என்று அதில் நூலால் எழுதியிருக்கும். எங்கேயாவது சின்னக் கறை இருந்தால் லேபிளை அதன் மேலேயே வைத்து மறைத்துவிடுவோம். இதெல்லாம் தொழிலில் சகஜம்.

தைத்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். "என் தங்கச்சி பேரையும் போடேன்" என்று என் கணவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "அவ ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள நான் ஒரு போர்வையே முடிச்சிடுவேன்" என்று வாயை அடைத்துவிட்டேன். அதில் பாதி உண்மைதான். கோத்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். நல்ல ஆகிருதி. பள்ளிக்கூட டீச்சராக இருந்த அவர் மனைவி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பை நிறைய அந்த அம்மாவின் உடுப்புகளையும், பின்பக்கத்துக்கு என்று ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பையும் கொடுத்தார். "லாரில கூடவே வச்சுக்கணும்மா" என்றார்.

விரிப்பின் மூலையில் காசு அளவுக்கு ஒரு சிவப்புக் கறை இருந்தது. போர்வை முடிந்ததும் நாத்தனாரிடம் சொன்னேன். "பஞ்சுல ப்ளீச் தொட்டுக் கறையை எடுத்துடு. அப்புறம் அதுக்கு மேல லேபிளைத் தை. லேபிள் துணி மெல்லிசு, சிவப்பு காட்டிக் குடுத்துடும்."

அவர் வாங்க வந்த அன்று, முன்பக்கத்தை நான் எவ்வளவு அழகாக விரித்துக் காட்டினேன்! அவர் அதைப் பார்க்கவே இல்லை. போர்வையைத் திருப்பிப்போட்டு நான்கு மூலைகளையும் தடவித் தடவித் தேடினார்.

"இங்க ஒரு செவப்புக் கறை இருந்துச்சேம்மா?"

"அதைச் சுத்தமா எடுத்தாச்சுங்க" என்றேன் பெருமையாக.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது அவ பேனா மை. கட்டில்ல உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டே தூங்கிட்டா. மூடி போடாத பேனா. நான் அன்னிக்குக் கத்தின கத்துல ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. இந்த ஆறு மாசமா அந்தக் கறை மேலதான் கை வச்சுத் தூங்குறேன்." பிறகு அவரே, "உங்க மேல தப்பில்லம்மா. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சமையலறையிலிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அந்தக் கறைக்கு ப்ளீச் போட்டியா?"

தரையைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்!"

"திட்டாதீங்க அண்ணி. பாட்டில் மேல் அலமாரியில இருந்துச்சு. ஸ்டூல் போட்டு ஏறணும். சோம்பலா இருந்துச்சு. லேபிளை ரெட்டையா மடிச்சு அப்படியே மேல வச்சுத் தெச்சுட்டேன்."

ஒரு சோம்பேறியை நான் கட்டிப்பிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் மிரண்டுபோய்விட்டாள்.

சின்னக் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தேன். அவளுடைய தையல் என்னுடையதைவிடப் பொடி. இத்தனை நாளில் அதை நான் கவனித்ததே இல்லை. ஒவ்வொரு தையலாக வெட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று பக்கம் பிரிந்ததும் துணியைத் தூக்கினேன். கறை அப்படியே இருந்தது.

டிரைவர் கட்டைவிரலை அதன் மேல் வைத்தார். "இத்தனூண்டு கறை. இதுக்கா அவளை அந்தக் கத்து கத்தினேன்?" சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

லேபிளைக் கறைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் அதை முழுதாகப் பிரித்தெடுத்து நாத்தனாரிடம் நீட்டினேன்.

"எம்பேருக்குக் கீழ உன் பேரையும் எழுதிட்டுத் தை."

"இப்பவா அண்ணி? அவர் காத்திருக்காரே."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா" என்றார் டிரைவர்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிவப்பு நூலை எடுத்தாள். கோத்தாள், விட்டாள், மறுபடி கோத்தாள், நடுவில் தெருவையும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். நான் வாயே திறக்கவில்லை.